கடற்கரை ஊரில் வற்றல் ஏன் பூசணம் பிடிக்கிறது? உப்பைக் குறைத்தால் எதைக் கூட்டுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஈரோட்டிலிருந்து கல்யாணமாகி, ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோர ஊரான மண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள். அம்மா ஊரில் போடும் கத்தரி வற்றலும் கொத்தவரை வற்றலும் வருஷம் முழுக்க மொறுமொறுவென்று இருக்கின்றன, அதே பக்குவத்தில் இங்கே போட்டால் ஐப்பசிக்குள் நமுத்து, கார்த்திகையில் பூசணம் பிடித்துவிடுகிறது. மாமனாருக்கு ரத்த அழுத்தம் என்று இந்த வருஷம் உப்பைப் பாதியாகக் குறைத்தீர்கள், அதனால்தான் கெட்டதோ என்று சந்தேகம். பூசணத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வெயில் காட்டினால் சாப்பிடலாமா என்று கேட்கிறீர்கள். ஊறுகாயிலும் உப்பைக் குறைக்க வழி இருக்கிறதா, எட்டு மாதக் குழந்தைக்குக் காய் மசியல் செய்து ஒரு வாரத்துக்கு ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாலு கேள்வி மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: உப்பைக் குறைத்தால், அது பார்த்த காவல் வேலையை வேறு எது பார்க்கும்?

நான் மனையியல் படித்து, உணவு பதப்படுத்தலில் பயிற்சி எடுத்து, தொண்டியிலிருந்து சாயல்குடி வரை மகளிர் குழுக்களுக்கு வற்றல், ஊறுகாய், பொடி வகைகள் போடச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதனால் காய், உப்பு, வெயில், பாட்டில் பற்றித் தைரியமாகப் பேசுவேன். நோய், மருந்து என்று வந்தால் ஓர் எல்லையோடு நிறுத்திக்கொள்வேன். முதலில் உங்கள் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். வற்றல் கெட்டதற்கு உப்பைக் குறைத்தது காரணம் இல்லை. சரியாகக் காய்ந்த வற்றலுக்கு உப்பே தேவையில்லை, உப்பில்லாமலும் அது நிற்கும். ஊறுகாய் கதை வேறு, குழந்தை உணவு கதை அதைவிட வேறு.

ஒரு பண்டத்தில் கிருமிகளுக்கு எட்டும்படி எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை 0 முதல் 1 வரை ஓர் அளவுகோலில் சொல்வார்கள். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு 0.9 அளவுக்காவது வேண்டும். பூசண வகைகள் பலவற்றுக்கு 0.7, 0.8 போதும். 0.6க்குக் கீழே போய்விட்டால் எதுவும் வளராது. இப்போது கடற்கரைக்கு வாருங்கள். மூடாமல் வைத்த பண்டம் சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்துக்கு மெல்ல மெல்ல வந்து நிற்கும், காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் வற்றலும் 0.75ஐ நோக்கித்தான் போகும். சமையல் உப்புக்கும் அதே 75தான் எல்லை. காற்றின் ஈரம் அதைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். உங்கள் அடுப்படியில் கல்லுப்பு ஜாடியை ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு விடிகாலையில் பாருங்கள். மேலே பளபளவென்று ஈரமாக, மரக்கரண்டியில் ஒட்டிக்கொண்டு, அடியில் தண்ணீர் கோத்திருக்கும். தனியாகக் காசு கொடுத்து ஈரமானி வாங்க வேண்டாம், அந்த ஜாடியே சொல்லிவிடும். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா என்று இரண்டு கடலுக்கு நடுவே இருக்கும் மண்டபத்தில் உப்பு அப்படித்தான் இருக்கும். ஈரோட்டில் அவ்வளவு கசியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், உப்பைக் கூட்டிப் போட்ட வற்றல்தான் இங்கே சீக்கிரம் நமுக்கும், அதன் மேல் இருக்கும் உப்பே ஈரத்தை அழைத்து வந்துவிடும். நீங்கள் குறைத்தது நல்லதாகத்தான் போயிற்று. தவறு நடந்திருந்தால் அது காயவைத்த நேரத்திலோ மூடி வைத்த விதத்திலோதான் இருக்க வேண்டும்.

உப்பு முழுக்க வீண் என்று சொல்லவில்லை. முதல் நாள், காய் இன்னும் ஈரமாக இருக்கும்போது, திடீரென்று மேகம் போட்டால் புளித்துப் போகாமல் பிடித்து வைப்பது அதுதான். அதற்கு மாற்று இருக்கிறது. காயை மெல்லியதாக, அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் போகாமல் நறுக்கி, கொதிக்கும் தண்ணீரிலோ இட்லிப் பானை ஆவியிலோ இரண்டு மூன்று நிமிஷம் காட்டி எடுத்து, உடனே வடிய விட்டு விரித்துவிடுங்கள். காயை நிறம் மங்க வைத்து, வாசனை கெடுக்கும் நொதிகள் அந்தச் சூட்டில் அடங்கிவிடும், மேலே இருக்கும் கிருமியும் குறையும், காய் சீக்கிரம் உலரும். தண்ணீரில் போடுவதைவிட ஆவியில் காட்டினால் சத்து கரைந்து போவது குறைவு. பாகற்காய்க்கும் சுண்டைக்காய்க்கும் மோரில் ஊறவைக்கும் பழக்கம் நல்லது, அந்தப் புளிப்பும் ஒரு காவல், கசப்பும் கொஞ்சம் இறங்கும்.

காயவைக்க இங்கே நல்ல காலம் பங்குனியிலிருந்து ஆவணி வரை. நம் மாவட்டத்துக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்தான், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புதிதாக வற்றல் போட நினைப்பதே வீண் வேலை. கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் காற்று மேற்கே நிலத்திலிருந்து வறண்டு வரும், காய் சட்டென்று உலரும். மணல் வந்து விழும் என்பதுதான் தொந்தரவு, அதற்கு மேலே ஒரு மல் துணியோ பழைய கொசுவலையோ கட்டிவிட்டால் ஈயும் வராது. மொட்டை மாடித் தரையில் போடாமல் கயிற்றுக் கட்டிலில் வலை விரித்து அதன் மேல் பரப்பினால் அடியிலிருந்தும் காற்று போகும், உலரும் நேரம் நன்றாகவே குறையும். பக்கத்து மாடியில் கருவாடு காய்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த காய் வாசனையை இழுத்துக்கொள்ளும், அப்புறம் உங்கள் கொத்தவரை வற்றலில் நெத்திலி மணக்கும்.

ஈரோட்டுப் பக்குவமும் மண்டபத்துப் பக்குவமும் பிரியும் இடம் சாயங்காலம். காலை பனி ஈரம் போன பிறகு, எட்டரை ஒன்பதுக்குப் பரப்பி, நாலு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். நாலு மணிக்கு மேலும் வெயில் அடிக்கிற மாதிரிதான் தெரியும், ஆனால் வெயில் இறங்க இறங்கக் காற்றின் ஈரம் ஏறிவிடும், பகலெல்லாம் உலர்ந்தது ராத்திரி திரும்பக் குடித்துவிடும். ஊரில் அம்மா செய்வது போல முறத்தில் வைத்துத் துணி மூடி திண்ணையில் வைப்பது இங்கே உதவாது. முதல் ராத்திரி, காய் பாதி ஈரமாக இருக்கும்போது, தட்டோடு ஃப்ரிட்ஜில் திறந்தபடி வைத்துவிடுங்கள், ஃப்ரிட்ஜ் தன் பங்குக்கு ஈரத்தை இழுக்கும். இரண்டாவது ராத்திரியிலிருந்து, வெயில் சூடு ஆறியதும், இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் அடைத்துவிடுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்க்கும், ஆற விட்டு நேரமாக்கினால் வெளி ஈரம் ஏறும். கை வைத்துப் பார்த்து, வெதுவெதுப்பு போனதும் மூடுவதுதான் கணக்கு.

காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள முறித்துப் பாருங்கள். சடக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் பாக்கி. சமையலறைத் தராசு இருந்தால் அதைவிட நம்பகமான வழி உண்டு. கத்தரிக்காயில் நூற்றுக்குச் சுமார் 92 பங்கு தண்ணீர், அதனால் நறுக்கிய ஒரு கிலோ, உப்பில்லாமல் நன்றாகக் காய்ந்தால் கிட்டத்தட்ட 90 கிராமுக்கு வரும். 130 கிராமில் நின்றால், தொட்டுப் பார்க்கக் காய்ந்த மாதிரி இருந்தாலும் நடுவில் தண்ணீர் இருக்கிறது. கொத்தவரையில் தண்ணீர் குறைவு, நார் அதிகம், அதனால் எடை அதைப்போல இருமடங்கு நிற்கும். ஆவியில் காட்டும்போது கொஞ்சம் கரைந்து போவதால் இந்த எடைகளைக் கிராம் சுத்தமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், திசை காட்ட மட்டும் போதும். கடைசியாக ஒரு சோதனை: காய்ந்ததைக் கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு நிரப்பி ஒரு வாரம் வைத்து, தினம் ஒருமுறை குலுக்குங்கள். கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்தாலோ துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டினாலோ திரும்ப வெயிலுக்குப் போக வேண்டியதுதான்.

எடுத்து வைப்பதில் இன்னொரு பழக்கத்தை மாற்றச் சொல்வேன். வருஷத்துக்கான வற்றலை ஒரே பெரிய டப்பாவில் போட்டு, வாரத்துக்கு இரண்டு தடவை திறப்பதுதான் இங்கே பாதி கேட்டுக்குக் காரணம். ஒவ்வொரு தடவையும் கடல் காற்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. பதினைந்து நாளைக்கு ஆகும் அளவு பிடிக்கும் சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்களில், வாய் வரை நிரப்பி அடைத்துவிடுங்கள், ஒன்று தீர்ந்த பிறகு அடுத்தது. மெல்லிய பாலிதீன் உறையில் நாளாவட்டத்தில் ஈரம் ஏறும், நம்பாதீர்கள். டப்பாவுக்குள் உப்பு முடிச்சு போட்டு வைப்பது உள்நாட்டில் சரி, இங்கே அந்த முடிச்சே முதலில் நனையும். வறுத்து ஆற வைத்த அரிசி முடிச்சு கொஞ்சம் உதவும், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். உணவுக்கென்று விற்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் உண்மையாகவே வேலை செய்யும், குழந்தை கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசரில் இடம் இருந்தால் மழைக்காலப் பங்கை அங்கே வைத்துவிடலாம். வெளியே எடுத்தவுடன் திறக்காமல், பாட்டில் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த வற்றல் மேல் காற்றின் ஈரம் அப்படியே தண்ணீராக இறங்கிவிடும்.

இப்போது பூசணம் பிடித்ததைப் பற்றி. முதலில் அது பூசணம்தானா என்று பாருங்கள். உப்புப் போட்ட வற்றலில் சில நேரம் உப்பே வெள்ளையாகப் பூத்து நிற்கும். வெளிச்சத்தில் வைத்தால் மணி மணியாக மின்னும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கரைந்து காணாமல் போகும், நாக்கில் வெறும் உப்பு. பூசணம் பஞ்சு மாதிரி நூல் நூலாக இருக்கும், பச்சை, சாம்பல், கறுப்பு நிறம் ஏறும், மூடியைத் திறந்ததும் ஈரச்சாக்கு வாடை வரும். வாடை வந்தால் வாயில் வைத்துப் பார்க்கும் சோதனை வேண்டாம். நமுத்து மட்டும் போய், வாடையும் நிறமும் மாறாமல் இருப்பதை மறுபடி காயவைத்துச் சாப்பிடலாம். பூசணம் கண்ணில் பட்டுவிட்டால் அந்தப் பாட்டில் முழுவதையும் கொட்டிவிடுங்கள், துடைப்பது, வெயில் காட்டுவது, எண்ணெயில் பொரிப்பது எதுவும் பிரயோஜனம் இல்லை. சில பூசண வகைகள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும், வீட்டுச் சமையல் சூட்டில் அழியாது. இதெல்லாம் உறுதி. உங்கள் பாட்டிலில் வளர்ந்தது அந்த வகையா, நஞ்சு சுரந்ததா என்பது சந்தேகத்துக்குரியது, எல்லாப் பூசணமும் அதைச் சுரப்பதில்லை. ஆனால் கண்ணால் பார்த்துப் பிரிக்க வழியில்லை, சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிற செலவில் பத்து கிலோ கத்தரிக்காய் வாங்கிவிடலாம். மிளகாய்க்கும் இதே எச்சரிக்கை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் உருண்டை, தோல் தடிமன், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே தெரியாது. மொத்தமாக வாங்கும்போது நாலைந்தை உடைத்து விதையைப் பாருங்கள், உள்ளே கறுத்து, பொடி பறந்தால் அந்தக் குவியலே வேண்டாம்.

சத்து பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். வற்றலில் நார்ச்சத்தும் தாது உப்புகளும் பெரும்பாலும் நிற்கும், வைட்டமின் சி பெரும்பகுதி போய்விடும், நேர் வெயிலில் வைட்டமின் ஏ தரும் சத்தும் குறையும். அதனால்தான் முருங்கைக்கீரையை வெயிலில் போடாமல் காற்றோட்டமான நிழலில் உலர்த்திப் பொடிக்கச் சொல்கிறோம். மழைக்குப் பிறகு கிராமங்களில் கிடைக்கும் அதலைக்காய், மிதுக்கங்காய் மாதிரி சில நாளே தலைகாட்டும் காய்களுக்கு வற்றல் போடுவதில் அர்த்தம் உண்டு. வருஷம் முழுக்க உச்சிப்புளிப் பக்கமிருந்து பச்சையாக வரும் வெண்டைக்காயை எதற்கு மெனக்கெட்டுக் காயவைக்க வேண்டும்? இன்னொன்று, வற்றலைப் பொரித்தால் அது எண்ணெயைக் குடிக்கும். குழம்பில் போட்டு வேகவிட்டால் உங்கள் மாமனாருக்கும் நல்லது.

ஊறுகாயில்தான் உப்பு உண்மையான காவல்காரன். உப்பு நீரில் போடும் ஊறுகாயில் நூற்றுக்கு 12 பங்காவது உப்பு இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதியே சொல்கிறது. பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 10 கிராம் ஊறுகாய், அதாவது ஒரு துண்டும் கொஞ்சம் சாந்தும், அதிலேயே 1.2 கிராம் உப்பு உள்ளே போய்விடுகிறது. அதனால் உப்பைப் பாதியாக்கிய ஊறுகாயை அலமாரியில் வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். உப்பு குறைந்தால் புளிப்போ குளிரோ கூட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது. மாங்காயும் எலுமிச்சையும் பிறவியிலேயே புளிப்பு, உப்பைக் குறைத்துப் போட்டாலும் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்தில் தீர்த்துவிடலாம். காரட், பீன்ஸ், கோவைக்காய் மாதிரிப் புளிப்பில்லாத காய்களைக் கொதிக்கவைத்த வினிகரில், தண்ணீர் கலக்காமல், காய் முழுக்க மூழ்கும்படி போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பூண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். வெறும் எண்ணெயில் மூழ்கவைத்த பூண்டை வெளியே வைக்கவே கூடாது. மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுப்பதால் பூசணம் வராது, ஆனால் காற்றில்லாத இடத்தில்தான் பொட்டுலினம் என்ற கிருமி வளர்ந்து நஞ்சு சுரக்கும், வாடையில் தெரிந்துவிடும் என்று நம்ப முடியாது. புளிப்பு கூடக் கூட இறங்கும் பிஹெச் என்ற அளவு 4.6க்குக் கீழே போனால் அதனால் வளர முடியாது, ஆகவே புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ தாராளமாகச் சேர்த்தே ஆக வேண்டும். இதே காரணத்துக்காக, வெந்த காயைப் பாட்டிலில் அடைத்துக் குக்கரில் வைத்து மாதக்கணக்கில் வெளியே வைக்கும் வீடியோக்களைப் பார்த்து இறங்கிவிடாதீர்கள். அந்தக் கிருமியின் வித்து தண்ணீரின் கொதிநிலையைத் தாங்கும். அதைக் கொல்லும் சூட்டைச் சரியான நேரத்துக்கு நிறுத்திவைக்க அதற்கென்றே சோதித்த கருவி வேண்டும், நம் வீட்டுக் குக்கருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

குழந்தையின் மசியலுக்கு உப்பும் கூடாது, புளிப்பும் கிடையாது, வறட்சியும் இல்லை. மிச்சம் இருப்பது குளிர் ஒன்றுதான். அதனால் ஒரு வாரம் கூடாது. ஆறியதும் உடனே மூடி வைத்தால் ஒன்றிரண்டு நாள், அவ்வளவுதான். சுத்தமான ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை மூடிய டப்பாவில் மாற்றி வைத்தால் ஒன்றிரண்டு மாதம் தாங்கும், வேண்டிய கட்டியை மட்டும் எடுத்துக் கொதிக்கச் சூடாக்கி ஆற்றிக் கொடுக்கலாம். குழந்தை சாப்பிட்ட கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்ப வைக்கக் கூடாது, எச்சில் பட்ட கரண்டியே போதும் கெடுக்க. கீரை, பீட்ரூட், காரட் இவற்றில் இருக்கும் நைட்ரேட், மசித்து வெளியே வைத்தால் நைட்ரைட்டாக மாறக்கூடும், அதனால் இந்த மூன்றையும் அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே தீர்ப்பது நல்லது. கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் வரை பயமில்லை. நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் வரை, பாதி நிறைந்தது ஒரு நாள் தாங்கும். புயல் சின்னம் என்று பாம்பனில் கூண்டு ஏற்றியதாகக் கேள்விப்பட்டால், அந்த வாரம் மசியல் சேர்த்து வைக்க வேண்டாம்.

மாமனாருக்காகச் சோடியம் குறைந்த உப்பு வாங்கலாமா என்றும் ஓரமாகக் கேட்டிருக்கிறீர்கள். அதில் பாதி இடத்தைப் பொட்டாசியம் உப்பு பிடித்திருக்கும் வகைகளும் உண்டு. பலருக்கு அது ரத்த அழுத்தத்துக்கு நல்லதுதான், ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சில வகை ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிட்டாலோ உடம்பில் பொட்டாசியம் ஏறி இதயத்துக்கு ஆபத்தாக முடியலாம். அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைப் பொறுத்த விஷயம் இது, நான் சொல்லக் கூடாது. பாக்கெட்டையும் மருந்துச் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போய் அவரைப் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள். அதுவரை வீட்டில் சாதாரண அயோடின் உப்பே இருக்கட்டும், அவர் தட்டில் மட்டும் ஊறுகாய்க்குப் பதிலாக, உப்பில்லாமல் மோரில் ஊறவைத்துக் காயவைத்த சுண்டைக்காய் வற்றலைச் சொட்டு எண்ணெயில் வறுத்து வையுங்கள்.